பன்னிரண்டில் பதினொன்று

1

நான் வேலைக்குச் சேர்கிற இடங்களை மூடிவிடுவார்கள். இருபத்தோரு வயதில் கோலார் தங்கவயலில் நந்திதுர்க் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்தேன். நூறு வருடத்துக்கு மேல் ஓடிய தங்கச் சுரங்கம், நான் சேர்ந்த ஐந்தாவது வருடம் மூடப்பட்டது. பிறகு பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியர். இருபது வருடம் தினமும் ரயிலில் போய், ரயிலில் வந்து, அடுத்தவர்களின் வாக்கியங்களைச் சரிசெய்தேன். ஒருநாள் அந்தப் பதிப்பையே நிறுத்தினார்கள். நிறுத்துகிறோம் என்ற அறிவிப்பில் இரண்டு பிழைகள் இருந்தன. அதையும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது ஐம்பது தாண்டிய வயதில், ஜெர்மனியின் மேற்கே ஒரு நடுத்தர ஊரில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறேன். நேர்காணலில் இந்த வரலாற்றை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சேர்ந்து நேற்றோடு ஆறு மாதம். இந்த நாட்டில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதற்குள் யாரை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் அனுப்பலாம். காரணம் சொல்லாமல் அனுப்புவதற்கும் மூன்று பக்கப் படிவம் உண்டு. அந்த ஆறாவது மாதத்தின் கடைசி இரண்டு வாரங்களில் நடந்ததை ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருக்கும் நண்பர்கள் தனித்தனியாகப் போன் செய்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லும்போது கதை கொஞ்சம் வளர்கிறது என்பதைக் கவனித்தேன். அது வளர்ந்து முடிவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2

எங்களை இங்கே கொண்டுவந்தது என் மனைவி எஸ்தர். நர்ஸ். இங்கே நோயாளிகள் இருக்கிறார்கள், கட்டில்கள் இருக்கின்றன, புரட்டிப் படுக்க வைக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே அவளை அழைத்தார்கள். நான் அவளுடைய விசாவுக்கு இணைப்பு. எங்கள் மகள் ஜெனி, இணைப்பின் இணைப்பு. எங்கள் கல்யாணத்துக்குத் தேவாலயப் பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லாததால், பதினாறு வருடம் குடும்பம் நடத்திய பிறகு கோலாருக்குப் போய் அதை அரசாங்கத்துக்கும் தெரிவித்துவிட்டு வந்தோம்.

ஊரில் என் பெயர் எஸ். பீட்டர். எஸ் என்பது அப்பா சாமுவேல். பாஸ்போர்ட்டில் அவர் என் குடும்பப் பெயராகிவிட்டார். எஸ்தருக்கும் ஜெனிக்கும் குடும்பப் பெயர் பீட்டர். ஆக, இந்த நாட்டின் பதிவேடுகளில் நான் திரு. சாமுவேல், பீட்டர் என்ற வேறொருவரின் மனைவியோடும் மகளோடும் ஒரே முகவரியில் வசிப்பவன். முகவரிப் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, குழந்தையின் தகப்பனார் எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இதே வீட்டில்தான் என்றேன். "அப்படியானால் வீட்டில் மொத்தம் நான்கு பேரா?" என்றார்.

அதன் பிறகு வேலைவாய்ப்பு ஆலோசகர். என்ன தொழில் கற்றிருக்கிறீர்கள் என்றார். பத்திரிகை என்றேன். எந்த மொழியில் என்றார். தமிழில் என்றேன். அவருடைய விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றன. அவருடைய கணினியில் அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் 'பிற எழுத்து வேலைகள்' என்று பதிந்தார். அந்த வகைக்கு மூன்று வழிகள் இருந்தன: கிடங்கில் பெட்டி தூக்குவது, முதியோர் இல்லத்தில் உதவியாளர், அல்லது பத்து மாதம் படித்து புரோகிராமர். என் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவதில் குறியிட்டார். "கவலை வேண்டாம், அந்த மொழி எல்லோருக்குமே அந்நிய மொழிதான்" என்றார். ஆறுதல் சொல்வதாக நினைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் கோதுமை மாவு ஒத்துக்கொள்ளாமல் போன ஒரு ரொட்டிக் கடைக்காரர் இருந்தார். கிளையை மூடியதால் வேலை போன ஒரு வங்கிக் காசாளர் இருந்தார். அவரிடமிருந்து நான் விலகியே உட்கார்ந்தேன். ஒரு நிறுவனத்துக்கு எங்களில் ஒருவரே போதும்.

3

எனக்கு வேலை கொடுத்த நிறுவனத்தின் மென்பொருள் உலகத்தை மாற்றவில்லை. எந்தத் தெருவில், எந்தக் கிழமை, எந்த நிறக் குப்பைத்தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று சொல்கிறது. இங்கே தொட்டிகள் நான்கு நிறம். பன்னிரண்டு நகராட்சிகள் எங்கள் அட்டவணையை நம்பி லாரி அனுப்புகின்றன. சுரங்கக் கழிவை ஊர் நடுவிலேயே மலையாகக் கொட்டிவிட்டுப் போன இடத்தில் வளர்ந்தவன் நான். சயனைடு மேட்டின் மண் காற்றில் வந்து சோற்றில் விழுந்தால் தட்டைத் திருப்பி வைத்துச் சாப்பிட்டவர்கள் நாம். காகிதத்தொட்டியை ஒருநாள் தாமதமாக எடுத்தால் ஒரு தெருவுக்கு ஏற்படும் துயரத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் பயிற்சி தேவைப்பட்டது.

என் குழுத் தலைவர் யோனாஸ். வயது இருபத்தொன்பது. நல்ல பிள்ளை. இங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும், அது விதி. நான் வாக்கியங்களை எழுவாய் இல்லாமல் அமைத்துத் தப்பித்து வருகிறேன்.

ஜெனிக்குப் பதினாறு வயது. என்னுடைய ஜெர்மனைத் திருத்துகிறாள். சில நாட்களில் என்னுடைய புரோகிராமையும். இரண்டையும் பெருமூச்சு விட்டுக்கொண்டே செய்கிறாள். தமிழில் கோபப்படுவதை அவள் நிறுத்திவிட்டாள். கோபம் ஜெர்மனில் வருகிறது. பசி மட்டும் இன்னும் தமிழில் வருகிறது. எந்த ஊர் என்று பள்ளியில் கேட்டால் பெங்களூர் என்கிறாளாம். கே.ஜி.எஃப் என்று சொன்னால் விளக்க வேண்டியிருக்கிறதாம். அதில் தவறு காண எனக்கு அருகதை இல்லை. பெங்களூர் அலுவலகத்தில் நானும் வருடக்கணக்கில் 'கோலார் பக்கம்' என்றுதான் சொல்லிவந்தேன்.

எங்கள் ஃபிரிட்ஜின் கதவில் காந்தம் வைத்து ஒரு விண்ணப்பம் ஒட்டியிருந்தது. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளக் கேட்டு எஸ்தர் நிரப்பியது. அவளுடைய முதுகெலும்பில் இரண்டு இடத்தில் தேய்மானம். என் வேலை உறுதியானால் தேதி போட்டுக் கொடுப்பாள். உறுதியாகாவிட்டால் தொண்ணூறு கிலோ மனிதர்களைத் தொடர்ந்து புரட்டிப் போடுவாள். எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. தேதி மட்டும் காலி. நான்கு மாதமாகப் பாலெடுக்கும்போதெல்லாம் அந்தக் காலிக் கட்டத்தைத்தான் திறந்து மூடினேன்.

4

டைம் ஆபீஸில் என் வேலை வருகைப் பதிவு. அதோடு ஷிப்டு புக்கையும் நகலெடுக்க வேண்டும். தெரியாத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: ஷிப்டு முடியும் நேரத்தில் பாறையில் துளை போட்டு, மருந்து வைத்து, பற்றவைத்துவிட்டுத் தள்ளி வந்து நிற்பார்கள். நின்று சத்தத்தை எண்ணுவார்கள். பன்னிரண்டு துளைக்குப் பன்னிரண்டு சத்தம் கேட்க வேண்டும். பதினொன்றுதான் கேட்டது என்றால் ஒன்று வெடிக்காமல் பாறைக்குள் இருக்கிறது. அதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். அடுத்த ஷிப்டில் வருகிறவன் தெரியாமல் அதன்மேல் டிரில்லை வைத்தால், மறுநாள் நான் வருகைப் பதிவில் ஒரு பெயரைக் கோடிட வேண்டியிருக்கும்.

ஆகவே மேலே வந்ததும் முதல் வேலை, ஷிப்டு புக்கில் சிவப்பு மையில் எழுதுவது. எந்த லெவல், எத்தனை வைத்தோம், எத்தனை கேட்டோம், எது நிற்கிறது. கீழே பெயரும் நேரமும். அடுத்த ஷிப்டு மேஸ்திரி அதைப் படித்து, பக்கத்துக் கட்டத்தில் 'படித்தேன்' என்று எழுதி, தன் பெயரையும் நேரத்தையும் போட்ட பிறகுதான் சுரங்கத்துக்குள் இறங்கும் கேஜில் ஏறுவார்.

எழுதியவனைக் கேலி செய்வார்கள். "இன்னா மாமா, மருந்த வெச்சிட்டு தீப்பெட்டிய ஊட்லயே உட்டுட்டு வந்துட்டியா?" என்பார்கள். ஒரு வாரம் அது ஓடும். அதோடு சரி. எழுதாமல் விட்டவன் கதை வேறு. ஒருவன் விட்டான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுநாள் தற்செயலாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனாலும் எங்கள் லைன் வீடுகளின் குழாயடியில் அவன் வீட்டுக் குடம் வந்தால் மற்ற குடங்கள் நகர்ந்துகொள்ளும். ஒரு வருடம் அப்படியே போயிற்று.

இதில் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக எழுதியும் செத்திருக்கிறார்கள். ஆனால் சிவப்பு மை எனக்குள் தங்கிவிட்டது. பத்திரிகையில் இதற்கு நேர்மாறு. முதல் பக்கத்தில் செய்த தவறுக்கு ஏழாம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில், யாருடைய பெயரும் இல்லாமல் வருத்தம் தெரிவிப்போம். இருபது வருடம் அந்த வருத்தங்களை எழுதியவனும் நான்தான்.

5

அது ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழன் தேவாலய விடுமுறை. வெள்ளிக்கிழமை வேலை நாள் என்று நாட்காட்டி சொல்லும். இங்கே யாரும் நம்பமாட்டார்கள். விடுமுறை வந்தால் குப்பை லாரியின் நாள் தள்ளிப்போகும்; வெள்ளிக்கிழமை லாரி சனிக்கிழமை போகும். அந்தத் தள்ளிப்போகும் கணக்கைத்தான் நான் திருத்தி எழுதியிருந்தேன். மதியம் யோனாஸ் பார்த்து ஒப்புக்கொண்டார். அது தானாகவே பன்னிரண்டு நகரங்களுக்கும் போய்விட்டது. சோதனைகள் எல்லாம் பச்சை. யோனாஸ் நான்கு மணிக்குக் குழந்தையை அழைத்துவரக் கிளம்பினார். மற்றவர்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார்கள்.

நான் உட்கார்ந்து எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று பிறகு கேட்டார்கள். பச்சை விளக்கு எரிந்த பிறகு இங்கே யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு நகரத்தின் அட்டவணையும் தயாரானதும் பதிவில் ஒரு வரி விழும். பன்னிரண்டு வரி இருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாவது நகரத்துக்குப் பிழைச்செய்தியும் இல்லை, அட்டவணையும் இல்லை. பிழை என்று எதுவும் வராததால் சோதனை அதற்கும் பச்சை காட்டியிருந்தது.

யோனாஸின் போன் அணைந்திருந்தது. அது அவருடைய உரிமை. மாற்றத்தைத் திரும்ப எடுக்கத் தகுதிகாண் காலத்தில் எனக்கு அதிகாரம் இல்லை. விடுமுறையில் வந்து சரிசெய்ய அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தருபவர் விடுமுறையில் போய்விட்டார்.

எங்கள் நிறுவனத்துக்கு ஒரு நிலவரப் பக்கம் உண்டு. அதில் நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரே வாக்கியம்: 'எல்லாம் இயல்பாக இயங்குகிறது.' அருகே ஒரு பச்சைப் புள்ளி. அது குழுவின் ஷிப்டு புக் என்றும், சோம்பேறித்தனத்தால் யாரும் எழுதுவதில்லை என்றும் நினைத்திருந்தேன். பச்சைப் புள்ளியை எடுத்தேன். அது பொய் சொல்லிக்கொண்டிருந்தது. சிவப்பு எழுத்தில் எழுதினேன்:

'பன்னிரண்டு நகரங்களுக்கு அட்டவணை கேட்கப்பட்டது. பதினொன்று வந்தது. ஒன்று வரவில்லை.' நகரத்தின் பெயரையும் எழுதினேன். 'காரணம் தெரியவில்லை. மாற்றம் செய்தவன் நான். நான் பார்த்து முடிக்கும்வரை அந்த நகரத்தின் தேதிகளை யாரும் தொட வேண்டாம். சனிக்கிழமை லாரிகளுக்குப் போன வருடப் பட்டியலைப் பயன்படுத்தவும். பீட்டர் சாமுவேல், புதன், மாலை 4.40.'

'வெடிக்கவில்லை' என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது. இங்கே அஸ்திவாரம் தோண்டும்போது பழைய போர்க் குண்டு கிடைத்தால் தெருவையே காலி செய்கிறார்கள்.

வீட்டுக்குப் போய், எழுதியதை ஜெனியிடம் காட்டினேன். ஜெர்மன் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"ஜெர்மன் ஓகே. ஏம்ப்பா பேர் போட்ட? யாரும் போட மாட்டாங்க. செம க்ரிஞ்ச்."

"பின்ன யார் எழுதினதுன்னு எப்படித் தெரியும்?"

"அதான்ப்பா. தெரியக் கூடாது."

அவள் தன் போனில் எதையோ தட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். "இந்தப் பக்கத்த யார் பாப்பாங்கன்னு நெனச்ச?"

"ஆபீஸ்காரங்க."

"எனக்கே தெறக்குது. பாஸ்வேர்டுகூட கேக்கல." போனைத் திருப்பிக் காட்டினாள். என் பெயர், சிவப்பில். "அப்பா, இது கஸ்டமர்ஸுக்கு. பன்னெண்டு ஊரும் பாக்கும். எடுத்துடு. இப்பவே எடுத்துடு."

அந்தப் பக்கத்தை மட்டும் வீட்டிலிருந்தே திருத்த முடியும். மடிக்கணினியைத் திறந்தேன். பழைய வாக்கியத்தைத் திரும்பப் போட மூன்று சொல் போதும்.

எஸ்தர் அப்போதுதான் பணி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெனி அவளிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். எஸ்தர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஊரு சரியாயிடுச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எடுக்கறீங்க?"

"வேல போயிடும் எஸ்தர்."

"வார்டுல மருந்து மாத்திக் குடுத்துட்டா சார்ட்ல எழுதறோம். எழுதினதுக்கு யாருக்கும் வேல போனதில்ல. எழுதின பேப்பரக் கிழிச்ச ஒருத்தி போனா." செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தாள். விண்ணப்பம் கதவோடு போய், கதவோடு திரும்பி வந்தது. "உடுங்க, இருக்கட்டும். சோறு வெச்சிட்டீங்களா?"

வைத்திருந்தேன். மடிக்கணினியை மூடினேன்.

6

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். மற்ற ஊர்களில் விடுமுறை வந்தால் லாரி ஒருநாள் பின்னால் போகும். அந்தப் பன்னிரண்டாவது ஊரில் சில விடுமுறைகளுக்கு ஒருநாள் முன்னால் வரும். என் கணக்கு முன்னால் வருவதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காததைச் சொல்லாமல் விட்டுவிட்டது. இருபது நிமிட வேலை.

அதற்குள் பதினொரு நகராட்சிகள் அழைத்துவிட்டன. அவர்களுடைய அட்டவணையில் எந்தக் குறையும் இல்லை. அவர்கள் கேட்டது வேறு: இத்தனை வருடமாக எல்லாம் இயல்பாக இயங்குகிறது என்று இருந்ததே, உண்மையிலேயே எதுவும் நடக்கவில்லையா, அல்லது யாரும் எழுதவில்லையா? விற்பனைப் பிரிவினர் இந்தக் கேள்விக்கு விடை தேடி அங்குமிங்கும் நடந்தார்கள்.

பன்னிரண்டாவது ஊர் மட்டும் அழைக்கவில்லை. யோனாஸ் என் மேசைக்கு வந்து, "அவர்கள் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது, வக்கீலிடம் போயிருப்பார்கள்" என்றார். பதினொன்று சத்தம் போட்டன, ஒன்று போடவில்லை. இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல. அன்று முழுவதும் அந்த ஒன்றைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஒரு கூட்டம். இதற்கென்று இங்கே ஒரு முறை இருக்கிறது. யாரையும் குறைசொல்லாத கூட்டம் என்று பெயர். யாரையும் குறைசொல்வது நோக்கமல்ல என்று ஏழு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள்; ஏழு பேரும் அதை என்னைப் பார்த்தே சொன்னார்கள். பிறகு என் குறிப்பைத் திரையில் போட்டு, குறைசொல்லாத வடிவத்துக்கு மாற்றினார்கள். 'மாற்றம் செய்தவன் நான்' என்பது 'ஒரு மாற்றம் நிகழ்ந்தது' ஆயிற்று. 'வரவில்லை' என்பது 'எதிர்பார்த்த அளவில் அமையவில்லை' ஆயிற்று. கடைசியில் என் பெயரை அழித்தார்கள். என் நன்மைக்காகத்தான் என்றார் யோனாஸ். உண்மையாகவே அப்படி நினைத்தார், முகத்தில் தெரிந்தது. இருபது வருடம் துணை ஆசிரியராக இருந்திருக்கிறேன். ஒரு தகவலைக்கூட மறுக்காமல் ஒரு செய்தியை இவ்வளவு சுத்தமாகக் காலி செய்ததை நான் பார்த்ததில்லை.

அந்த வடிவத்தைப் பன்னிரண்டு நகராட்சிகளுக்கும் அனுப்பினார்கள். பச்சைப் புள்ளி திரும்ப வந்தது. மனிதவள அதிகாரியிடமிருந்து எனக்கு ஒரு அழைப்பும் வந்தது: வியாழக்கிழமை காலை பத்து மணி, தகுதிகாண் காலம் குறித்த உரையாடல்.

செவ்வாய்க்கிழமை மதிய உணவு நேரத்தில் முனிரத்தினத்துக்குப் போன் செய்தேன். என்னோடு படித்தவன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். நந்திதுர்க்கில் மூடுகிற வரை அண்டர்கிரவுண்டில் இருந்தான். பிறகு பெங்களூரில் ஒரு கட்டடத்துக்கு செக்யூரிட்டியாகப் பதினைந்து வருடம் ரயிலில் போய்வந்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னா மச்சான் இது. எய்தினது தப்புன்றானுங்களா?"

"எழுதினது தப்பில்லையாம். எல்லாரும் படிக்கற எடத்துல எழுதினது தப்பாம்."

"படிக்கறதுக்குத்தானே எய்தறது." பின்னால் அவன் மனைவி யாரிடமோ கன்னடத்தில் தக்காளி விலை பேசுவது கேட்டது. "சும்னே கேக்கறேன். அந்தப் பன்னெண்டாவது ஊர்க்காரன் படிச்சேன்னு கையெழுத்து போட்டானா?"

"இங்க அந்த மாதிரி கட்டமே கெடையாது முனி."

"அப்ப நீ பாதிதான் எய்திக்கீற."

"எனக்கே வேல போவப்போவுது. நீ கையெழுத்தக் கேக்கற."

"வேல போனா போவுது. நீ சேந்த எடத்துல கம்பெனி போவாம வேல மட்டும் போனா, அது முன்னேற்றம்தானே."

7

வியாழக்கிழமை எஸ்தர் காலைப் பணிக்குக் கிளம்பிவிட்டாள். ஜெனி, "சட்டைய மாத்திக்கோப்பா" என்றாள். மாற்றிக்கொண்டேன்.

மனிதவள அதிகாரியின் அறையில் யோனாஸும் இருந்தார். மேசையின்மேல் என் பெயரிட்ட இரண்டு உறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. மூன்றாவதாக, அன்று காலைத் தபாலில் வந்த ஒரு பழுப்பு உறை, பிரிக்கப்பட்டிருந்தது. இந்த நிறுவனத்துக்குத் தபாலில் எதுவும் வருவதில்லை. வரவேற்பில் இருக்கும் பெண் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், அதிலிருந்த என் பெயரைப் பார்த்து, நான் வரப்போகும் இந்த அறையில் கொடுத்திருக்கிறாள்.

அது பன்னிரண்டாவது ஊரின் துப்புரவுப் பிரிவிலிருந்து வந்தது. எழுதியவர் திருமதி வெபர். கடிதத்தை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். நான் மெதுவாகப் புரிந்துகொள்வேன் என்று நினைத்தோ என்னவோ, இரண்டு முறை படித்தார். சாரம் இதுதான்: புதன்கிழமை அறிவிப்பை எங்கள் அலுவலகம் வெள்ளிக்கிழமை காலை பார்த்தது. அதில் சொன்னபடி தேதிகளைத் தொடவில்லை. போன வருடப் பட்டியலை எடுத்துச் சனிக்கிழமை லாரிகளை அனுப்பியது. தொட்டிகள் எடுக்கப்பட்டன, புகார் இல்லை. ஆகவே தொலைபேசியில் அழைக்க எந்தக் காரணமும் ஏற்படவில்லை. ஆனால் திங்கட்கிழமை உங்களிடமிருந்து வந்த இரண்டாவது அறிக்கையில் யாருடைய பெயரும் இல்லை, நேரமும் இல்லை. அத்தகைய தாளைக் கோப்பில் சேர்க்க எங்கள் விதிகளில் இடமில்லை. முதல் அறிவிப்பில் கையெழுத்திட்டவரே பெயருடன் மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். இனி வரும் அறிவிப்புகளுக்கும் அவரையே பொறுப்பாளராகக் குறித்திருக்கிறோம்.

யோனாஸ் மேசையில் ஒரு புள்ளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு உறைகளில் மேலே இருந்ததை எடுத்து, பிரிக்காமல் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். கீழே இருந்ததை என்னிடம் கொடுத்தார். வேலை உறுதி. காரணமாக 'முன்கூட்டியே தகவல் தெரிவிக்கும் திறன்' என்று அச்சிட்டிருந்தது. இழுப்பறைக்குள் போன உறையில் என்ன காரணம் அச்சிட்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

நிலவரப் பக்கத்தில் பெயரும் நேரமும் எழுதுவதை யோனாஸ் இப்போது ஒரு புதிய நடைமுறையாக அறிவித்திருக்கிறார். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், இருபது ஸ்லைடுகளும், அரைநாள் பயிற்சியும் உண்டு. ஸ்லைடுகளில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று இல்லை. யாரையும் பாராட்டுவதும் நோக்கமல்ல போலிருக்கிறது. பயிற்சிக்கு நானும் போனேன். நன்றாகவே இருந்தது.

அன்று மாலை எஸ்தர் காந்தத்தை எடுத்துவிட்டு விண்ணப்பத்தைச் சமையல் மேடையில் வைத்து, நின்றபடியே தேதி போட்டாள். ஜெனி உறுதிக் கடிதத்தைப் படித்து, அதில் ஒரு இலக்கணப் பிழை இருப்பதாகச் சொன்னாள். ஜெர்மனில் சொல்லவில்லை, தமிழில் சொன்னாள். பசிக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பழுப்பு உறைக்குள் கடிதத்தோடு இன்னொரு தாளும் இருந்தது. அதிகாரிக்கு அது என்னவென்று புரியவில்லை, தேவையில்லை என்று என்னிடமே கொடுத்துவிட்டார். திருமதி வெபர் என் சிவப்புக் குறிப்பை அச்சடித்திருந்தார். அதன் அடியில், நீல மையில், முனிரத்தினத்திடம் போனில் படித்துக் காட்டியே ஆக வேண்டிய ஒரு வரி. மறுநாள் வெள்ளிக்கிழமை, என் வேலை நேரம் முடிந்ததும் அவனைக் கூப்பிட்டேன்.

"வேல கன்பாம் ஆயிடுச்சு" என்றேன்.

"ஆவட்டும். அந்தக் கையெழுத்து?"

"வந்துடுச்சு. ஒரு அம்மா போட்டிருக்காங்க. நான் எழுதினத பிரின்ட் எடுத்து, அதுக்குக் கீழ 'படித்தேன்'னு பேனாவுல எழுதி, சீல் வெச்சு, தபால்ல அனுப்பியிருக்காங்க."

"பேரு போட்டாங்களா?"

"போட்டாங்க."

"டைமு?"

"காலைல ஏழு பத்து. லாரி கெளம்பறதுக்கு முன்ன."



"அந்தம்மா" என்றான், "எந்த மைன்ல இருந்தாங்களாம்?"